வெளிநாட்டு வேலைன்னு பையன வித்த ஏஜென்ட் இன்னும் கடை தொறந்து வச்சிருக்கான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மியான்மர்ல சைபர் மோசடி கும்பல்கிட்ட மாட்டிக்கிட்ட நம்ம பசங்களப் பத்தி அப்பப்ப செய்தி போடுறீங்க. மீட்டாங்க, விமானத்துல வந்தாங்க, அதோட செய்தி முடிஞ்சிடுது. அதுக்கு முன்னாடி நடந்தத எழுதணும்னுதான் இந்த லெட்டர்.

எங்க அக்கா பையன் பி.இ. முடிச்சவன். இங்க மாசம் 14 ஆயிரத்துக்கு வேலை பாத்துட்டு இருந்தான், கல்விக்கடன் வேற பாக்கி. 2024 ஆகஸ்ட்ல பக்கத்து ஊர் ஏஜென்ட் ஒருத்தர், தாய்லாந்துல டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை, சம்பளம் 80 ஆயிரம், சாப்பாடு ரூம் ஃப்ரீன்னு சொன்னாரு. ஏற்கனவே நாலு பேர சிங்கப்பூர் அனுப்பினவருங்கறதால நம்பிட்டோம், அக்கா நகைய அடகு வச்சு ஒன்றரை லட்சம் கொடுத்தா. இன்டர்வியூ வாட்ஸப்லயே முடிஞ்சிருச்சு, டைப்பிங் ஸ்பீடும் இங்கிலீஷும் மட்டும் பாத்தாங்களாம்.

பாங்காக் ஏர்போர்ட்ல இருந்து கார்ல ராத்திரி முழுக்க கூட்டிட்டுப் போயி, மே சோட்ங்கற எல்லை ஊர்ல மோய் ஆத்த படகுல தாண்ட வச்சிருக்காங்க. அந்தப் பக்கம் மியான்மரோட மியாவாடி ஊரு, துப்பாக்கி வச்ச காவல். பாஸ்போர்ட்ட புடுங்கிட்டு, உன்ன காசு குடுத்து வாங்கியிருக்கோம்னு அந்தக் கும்பல்காரன் சொல்லியிருக்கான். தினமும் 16 மணி நேரம் பொண்ணு மாதிரி சாட் பண்ணி வெளிநாட்டுக்காரங்கள கிரிப்டோவுல பணம் போட வைக்கணும், டார்கெட் முடியலன்னா அடி, கரண்ட் ஷாக், சம்பளத்துல அபராதம். வீட்டுக்குப் போகணும்னா 5 ஆயிரம் டாலர் கட்டுன்னானாம். இத வேலைன்னு எப்படிங்க சொல்றது, ஆள் விக்கிற சந்தை இது. மியான்மர்ல மட்டும் குறைஞ்சது 1,20,000 பேர் இப்படி சிக்கியிருக்கலாம்னு ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023லயே சொல்லிடுச்சு.

2025 ஜனவரில வாங் ஷிங்ன்னு ஒரு சீன நடிகர் இதே மாதிரி மாட்டினாரு, சில நாள்லயே மீட்டாங்க. அதுக்கப்புறம்தான் பிப்ரவரில தாய்லாந்து, தன் நாட்டுல இருந்து மியாவாடி மாதிரி எல்லை ஊருங்களுக்குப் போற கரண்ட்ட கட் பண்ணுச்சு. மார்ச்ல நம்ம விமானப்படை விமானத்துல ரெண்டு நாள்ல 500க்கும் மேல இந்தியர்கள் வந்தாங்க, எங்க பையனும் அதுல ஒருத்தன்.

வந்ததும் அவனையே குற்றவாளி மாதிரி விசாரிச்சாங்க, அதுகூட பரவால்ல. ஏஜென்ட் மேல போலீஸ்ல புகார் கொடுத்தா, பையன் விருப்பப்பட்டுதானே போனான், பணத்த பேசி வாங்கிக்கங்கன்னு அனுப்பிட்டாங்க. ஏமாத்தி ஆள் அனுப்பினா அது ஆள் கடத்தல், பாதிக்கப்பட்டவன் சம்மதிச்சானா இல்லையாங்கறது கணக்கே இல்லன்னு இப்ப இருக்குற குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 143வது பிரிவுல தெளிவா இருக்கே சார். அங்க இருக்குற கும்பலோட தலைவன நாம பிடிக்க முடியாது, ஒத்துக்கறேன். ஆனா ஒரு தலைக்கு இவ்வளவுன்னு கமிஷன் வாங்கிட்டு அவனுக்கு ஆள் சேத்து விடுறவன் நம்ம பஸ் ஸ்டாண்டு பக்கத்துலதானே இருக்கான், இவன் இல்லன்னா அந்தக் கும்பலுக்கு ஆள் ஏது?

இன்னொரு ஓட்டையும் இருக்கு. பத்தாவது பாஸ் பண்ணவங்க வெளிநாட்டு வேலைக்குப் போக அரசோட குடியேற்ற அனுமதி (எமிக்ரேஷன் கிளியரன்ஸ்) தேவையில்ல, படிச்சவன் ஏமாற மாட்டான்னு நினைச்சுட்டாங்க போல. இந்தக் கும்பல் தேடுறதே படிச்ச பசங்களத்தான்.

1983 குடியேற்றச் சட்டப்படி பதிவு பண்ணாம வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கறதே குற்றம். பதிவு பண்ண ஏஜென்ட்டும் 30 ஆயிரமும் ஜிஎஸ்டியும்தான் சர்வீஸ் சார்ஜா வாங்கணும். யாரு பதிவு பண்ணவங்கன்னு வெளியுறவு அமைச்சகத்தோட இமைக்ரேட் வெப்சைட்லயே பாக்கலாம். இது எங்களுக்கு எல்லாம் முடிஞ்சப்புறம்தான் தெரிஞ்சுது. தயவுசெஞ்சு இந்த விவரத்த உங்க வேலைவாய்ப்பு பக்கத்துலயே வாராவாரம் போடுங்க சார், எங்க பையன் விடாம பாத்துட்டு இருந்தது அந்தப் பக்கத்தத்தான்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்,
துறையூர்.