குட்டித் தொப்பி பின்னும் அக்காமார் கவனத்துக்கு

சனிக்கிழமை பின்னேரம் 4 மணிக்கு வெள்ளவத்தையில், வழமையான இடம்தான். நத்தார் பரிசுச் சால்வைகளைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள்; முதலில் நுவரெலியாவுக்கு அனுப்பும் பச்சைக் குழந்தைத் தொப்பிகளை முடிப்போம். கொழும்பு வெக்கையில் இருந்து பின்னும்போது அங்கத்தைய குளிர் நினைவுக்கு வராது. ஆனால் பிறந்த பிள்ளையின் உடற்சூடு தலைவழியாகத்தான் நிறையப் போகும்.

ஊசி 4 மில்லிமீற்றர் போதும். விளிம்பை இரண்டு நிட் (நேர்ப்பின்னல்), இரண்டு பேர்ல் (மறுபக்கப் பின்னல்) என்று பின்னினால் இழுபட்டுத் தலையைப் பிடித்துக்கொள்ளும். சுற்றளவு 32 சென்ரிமீற்றர் அளவில் இருக்கட்டும். பொத்தான், மணி எதுவும் வேண்டாம், கழன்றால் வாய்க்குள் போய்விடும். நூலை முதலில் உங்கள் கன்னத்தில் உரசிப் பாருங்கள். உங்களுக்குக் கடித்தால் பிள்ளைக்குச் சொல்லவே தேவையில்லை.

தோய்த்துக் காயவைத்தே கொண்டுவாருங்கள். மிச்ச நூலும் வரட்டும். வர முடியாதவர்கள் இங்கே ஒரு வரி போட்டால் சரி.