ரேடியேட்டர் பூட்டிய டூ ஸ்ட்ரோக்: ஸ்கொட்டின் பெயர் விடுபடக்கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் பழைய மோட்டார் சைக்கிள்கள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். பிஸ்டன் ஒரு தரம் ஏறி இறங்குவதற்குள் ஒரு சுற்று வேலையை முடிக்கும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு, தண்ணியால் சூடு தணிக்கும் ரேடியேட்டரை முதன்முதலில் பூட்டியவர்கள் யப்பானியர், ஆண்டு 1971 என்று இருந்தது. அந்த வருடம் வந்த சுசூகி ஜிடி 750 அருமையான வண்டிதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அறுபது வருடங்களுக்கு முன்பே இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் அல்பிரட் அங்கஸ் ஸ்கொட் அந்த வேலையை முடித்துவிட்டார். அவர் பெயர் விடுபட்டது எனக்குப் பொறுக்கவில்லை.

டூ ஸ்ட்ரோக்கைக் கண்டுபிடித்தவர் அவரல்ல. அதை மதிக்க வைத்தவர் அவர். 1908இல் பிராட்ஃபோர்டில், பின்னாளில் கார் செய்து பெயரெடுத்த ஜோவெட் சகோதரர்களின் பட்டறையில், அவருடைய முதல் ஆறு வண்டிகள் உருவாகின. மற்றவர்கள் பெல்ட் போட்டு, தள்ளிக்கொண்டே ஓடி ஸ்டார்ட் பண்ணிய காலம் அது. ஸ்கொட்டின் வண்டியில் இரண்டு சிலிண்டர், செயின், இரண்டு கியர், காலால் உதைக்கும் கிக்கர். மேடேறும் போட்டிகளில் அது வென்றுகொண்டே போனதால், அதன் சிசியை, அதாவது எஞ்சின் அளவை, 1.32ஆல் பெருக்கிப் பெரிய வண்டியாகத்தான் கணக்கெடுப்போம் என்று போட்டிச் சங்கம் விதி போட்டது. அந்த விதியையே ஸ்கொட் விளம்பரமாக்கிக்கொண்டார். 1912இல் ஐல் ஒஃப் மான் தீவின் பெயர்பெற்ற மோட்டார் சைக்கிள் பந்தயமான சீனியர் டிடியில் ஃப்ராங்க் அப்பிள்பீ ஸ்கொட்டில் வென்றார். டிடியை வென்ற முதல் டூ ஸ்ட்ரோக் அதுதான். அடுத்த வருடம் டிம் வூட்டும் ஸ்கொட்டில்தான் வென்றார்.

நான் பஞ்சிகாவத்தையில் ஒரு கராஜில் எடுபிடியாகச் சேர்ந்த வருடம், வெள்ளவத்தை ஐயா ஒருவர் தன் ஃப்ளையிங் ஸ்குவிரல் என்ற ஸ்கொட் வண்டியைக் கொண்டுவந்தார். ஸ்கொட் 1923இல் இறந்த பிறகு அவர் கம்பனி செய்த மொடல் அது. எஞ்சினின் இரு பக்கமும் வட்டமான மூடி. அதைத் திறந்தால், சுழலும் தண்டான கிராங்கும், அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கொனெக்டிங் ரொட்டின் அடியும் கண்முன்னே நின்றன. மற்ற எஞ்சின்களில் கேஸை இரண்டாகப் பிளந்தால்தான் அந்த இடத்தைப் பார்க்கலாம். “தண்ணிப் பம்ப் எங்க?” என்று கேட்டேன். பெரிய மெக்கானிக் என் கையைப் பிடித்து ரேடியேட்டரின் மேல் குழாயில் வைத்தார். சுட்டது. பிறகு கீழ்க் குழாயில் வைத்தார். வெதுவெதுப்புத்தான். “சுடுதண்ணி தானா மேல போகுது, ஆறினது தானா கீழ வருது. பம்ப் எதுக்கடா?” என்றார். அன்றைக்குத்தான் எனக்கு இந்தத் தொழிலில் ஆசை பிடித்தது.

பிறகு பல வருடம் அந்த வண்டியை நானே பார்த்தேன். 1983இல் வலது மூடியில் ஒயில் கசிந்தது. வண்டியை ஐயா வீட்டிலேயே விட்டுவிட்டு, கசிவை அடைக்கும் பக்கிங் வெட்ட மூடியை மட்டும் கழற்றி எடுத்துவந்தேன். அந்தக் கிழமைதான் ஆடிக் கலவரம். ஐயா குடும்பத்தோடு போய்விட்டார். நான் திரும்ப அந்த வீட்டுக்குப் போனபோது போர்ட்டிக்கோவில் வண்டி இல்லை.

மூடி இன்னும் என்னிடம் இருக்கிறது. வருடம் ஒருமுறை கிரீஸ் பூசி, துணியில் சுற்றி வைக்கிறேன். வலது மூடி இல்லாத ஒரு ஸ்கொட் எவர் வீட்டிலாவது கிடந்தால், தயவுசெய்து இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். காசு வேண்டாம், நானே கொண்டுவந்து பூட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெக்கானிக்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13