அக்காவுக்கு, பஃபலோவிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

பெரியவன் எழுதுவது. இங்கே அமெரிக்காவில் நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பாப்பாவுக்குப் பரீட்சை முடிந்ததா?

கார்த்திகையில் நீ போட்ட கடிதத்துக்கே நான் பதில் எழுதவில்லை. அதற்குள் தை மாதக் கடிதமும் வந்துவிட்டது. போனில் பேசினால் அம்மா காதில் விழும் என்றுதான் நீ பேனாவை எடுத்திருக்கிறாய். அது புரிந்தும் இத்தனை நாள் சும்மா இருந்ததற்கு என்ன சொன்னாலும் சாக்குதான். திட்டிவிடு. சின்னவன் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

குளிர் பற்றிக் கேட்டிருந்தாய். ஈரி ஏரி ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஏரி உறைவதற்கு முன்னால் அதன்மேல் குளிர்காற்று அடித்தால், ஈரத்தையெல்லாம் வாரிக்கொண்டு வந்து ஊர்மேல் பனியாகக் கொட்டிவிடும். தெற்கே இடுப்பளவு கிடக்கும்போது வடக்கே வெயிலடிக்கும். நம்மூரில் மேலத்தெருவில் மழை பெய்து கீழத்தெரு காய்ந்து கிடக்குமே, அந்தக் கதைதான். 2022 கிறிஸ்துமஸ் சமயத்துப் பனிப்புயலில் இந்தப் பகுதியில் 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். காருக்குள்ளேயே மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. அதனால்தான் நானும் காரை விற்றுவிட்டேன், பஸ்ஸே பத்திரம். வீட்டில் ஹீட்டரையும் குறைத்தே வைக்கிறேன், கூட்டினால் தோல் வறண்டு போகிறது. ஸ்வெட்டருக்கு மேல் அத்தான் கொடுத்த சால்வையைப் போர்த்திக்கொண்டால் போதும்.

கீழ்வீட்டுத் தாத்தா அப்படியேதான் இருக்கிறார். லாக்கவானா இரும்பாலையில் வேலை பார்த்தவர். 1983-ல் உலையை அணைத்த கதையை நேற்று நடந்தது மாதிரி சொல்வார். இந்த வருஷம் புதுப் பழக்கம் ஒன்று வந்திருக்கிறது. தினமும் விடிந்ததும் மரஸ்கேலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், பனியில் குத்தி அளந்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறார். எதற்கு என்று கேட்டேன். “யாராவது எழுதி வைக்க வேண்டாமா?” என்றார். அப்பா காலண்டரில் மழைக்கணக்கு எழுதுவாரே, அதே மூஞ்சி. அன்றைக்கு ஆபீசுக்கு அரைமணி நேரம் தாமதமாகப் போனேன்.

என் வேலையைப் பற்றி அத்தான் மறுபடி கேட்டாராம். ‘கோர்ட்டில் வேலை’ என்று நீ சொல்லப்போய் வாத்தியார் மாமா என்னை வக்கீலாக்கி ஊரெல்லாம் சொல்லிவிட்டாராமே! நான் வக்கீல் இல்லை என்று அவரிடம் சொல்லிவிடு. கேஸ் கேட்டு யாராவது வந்துவிடப் போகிறார்கள்.

இது போதைமருந்துக் கோர்ட். 1989-ல் மயாமியில் முதன்முதலாகத் தொடங்கினார்கள், இப்போது நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. போதைப் பழக்கத்தால் வழக்கில் மாட்டியவரை நேரே ஜெயிலில் போடாமல், சிகிச்சைக்கு அனுப்பி, நீதிபதியே அடிக்கடி கூப்பிட்டு “எப்படி இருக்கிறாய்?” என்று கேட்கிற இடம். ஒரு வருஷத்துக்கு மேல் இழுக்கும். ஒழுங்காக முடித்தால் வழக்கு தள்ளுபடியாகலாம், இல்லை தண்டனை குறையலாம். பஃபலோவில் 1995-லிருந்து நடக்கிறது. அதிலிருந்த மூன்று பேர் ஒரே வாரத்தில் போதை அளவு மீறி இறந்துபோன பிறகு, ஹெராயின், ஃபென்டனில் மாதிரி அபின் வகைப் போதை ஆட்களுக்காகவே 2017 மே மாதம் தனிக் கோர்ட் ஒன்று திறந்தார்கள். அந்த மாதிரிக் கோர்ட் இந்த நாட்டிலேயே அதுதான் முதல். வழக்கு பிறகு, முதலில் ஆள் உயிரோடு இருக்கட்டும் என்று, பிடிபட்ட மறுநாளே சிகிச்சையில் சேர்த்து, ஆரம்பத்தில் தினமும் நீதிபதி முன்னால் வந்து நிற்கச் சொல்கிறார்கள்.

இதில் என் பாடு என்னவென்றால், எல்லா நூலையும் பிடித்துக்கொண்டு நிற்பது. கோர்ட் கூடுவதற்கு முன் அரசு வக்கீல், எதிர்த்தரப்பு வக்கீல், சிகிச்சை மையத்தார், நன்னடத்தை அதிகாரி எல்லோரும் ஒரு மேசையில் உட்காருவோம். இந்த வாரம் யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்குப் படுக்கை கிடைக்கவில்லை என்று ஒவ்வொருவராகப் பேசுவோம். மீதி நேரமெல்லாம் போனில்தான். ஒருவருக்கு பஸ் பாஸ், ஒருவருக்கு அடையாள அட்டை, ஒருவருக்குப் பல் டாக்டர். பல் விழுந்த வாயோடு வேலை கேட்டுப் போகக் கூச்சப்படுகிறவர் எத்தனை பேர் தெரியுமா? ஆலோசனை, மருந்து எல்லாம் இருக்கட்டும், ராத்திரி தூங்க இடம் இல்லாதவனிடம் என்ன சொல்வது?

தினமும் காலையில் அவர்கள் ஒரு எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். பதிவுசெய்த குரல் ‘நீலம்’ என்றால் நீலக்காரர்கள் அன்றைக்கே வந்து, ஆள் பார்த்துக்கொண்டிருக்க, சிறுநீர் கொடுக்க வேண்டும். பயத்தில் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் மாட்டுவார்கள், நீர்த்துப்போயிருப்பது தெரிந்துவிடும். தவறினால் கட்டுரை எழுதச் சொல்வார்கள், பொதுவேலை செய்யச் சொல்வார்கள், சிலசமயம் இரண்டு நாள் உள்ளே வைப்பார்கள். ஆனால் ஒரு தண்டனைக்கு நாலு பாராட்டாவது இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் ஒரு கணக்கு. நீதிபதி “90 நாள்” என்று சொன்னதும் கோர்ட்டே கைதட்டும். முதல்தடவை பார்த்தபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. கையில் விலங்கோடு காத்திருந்த ஒருத்தரும் தோளை ஆட்டிக் கைதட்டப் பார்த்தார்.

அம்மா பெரியசாமி மாமா மகன் கையில் கொடுத்தனுப்பிய கசகசாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவிடம் சொல்லாதே. மார்கழியில் ஆறு பேர் திட்டத்தை முடித்தார்கள், அதற்கு ஒரு சின்ன விருந்து. ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவர வேண்டும். நான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து, தேங்காயும் கசகசாவும் அரைத்து, அம்மா பக்குவத்தில் காய்கறி குருமா வைத்துக் கொண்டுபோனேன். மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிர்ச் சுவரில் நானே தட்டச்சு செய்து ஒட்டிய நோட்டீஸ்: கசகசா போட்ட ரொட்டி, கேக் எதையும் சாப்பிடாதீர்கள், பரிசோதனையில் மார்ஃபின் காட்டும். அது அபினிச் செடியின் விதைதானே அக்கா! 2023-ல் இங்கே ராணுவமே தன் ஆட்களிடம் கசகசாவைத் தொடாதீர்கள் என்று எச்சரித்தது. மூடியைத் திறக்காமலே பானையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ் முழுக்க சோம்பு வாசனை. நாலு நாள் காலை, மதியம், ராத்திரி என்று நானே தின்று தீர்த்தேன். நல்ல குருமா. இன்னொரு ஆள் சாப்பிட்டிருந்தால் ‘உப்பு கொஞ்சம் தூக்கல்’ என்று சொல்லியிருப்பார்.

அந்த ஆறு பேரில் ஒரு பெண். பெயரை உனக்குக்கூட எழுதக்கூடாது, சட்டம் அப்படி. இரண்டு தடவை பாதியில் ஓடிப்போனவள். குழந்தையை அரசாங்கம் எடுத்துக்கொண்டிருந்தது. அவளைத் திரும்பக் கொண்டுவந்தது நானும் இல்லை, நீதிபதியும் இல்லை. தானும் அதே குழியில் கிடந்து மீண்டு, பயிற்சி பெற்று, சம்பளத்துக்கு இந்த வேலை பார்க்கிறவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். நான் மனதுக்குள் அவர்களுக்கு ‘வழித்துணை’ என்று பெயர் வைத்திருக்கிறேன். அதில் ஒரு அம்மா, தினமும் காலை எட்டு மணிக்கு அவளுக்குப் போன் செய்து “எழுந்துவிட்டாயா?” என்று மட்டும் கேட்பார். எடுக்காவிட்டாலும் அடுத்த நாள் கேட்பார். பதினான்கு மாதம் கேட்டிருக்கிறார்.

எழுதும்போதே கை நிற்கிறது. சின்னவனோடு நான் கடைசியாகப் பேசியது தீபாவளிக்கு. அதுவும் சண்டை.

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டான் என்று எழுதியிருந்தாய். மகரஜோதி பார்த்துத் திரும்பும்வரை ஏறக்குறைய 60 நாள் ஒரு சொட்டு தொடவில்லை, மாலையைக் கழற்றிய ராத்திரியே ரோட்டில் கிடந்தான் என்று இப்போது எழுதியிருக்கிறாய். அத்தான் அதை வேஷம் என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த 60 நாளும் விடியற்காலையில் குளிக்க வேண்டும், சாயந்திரம் பஜனைக்கு வந்தானா என்று குருசாமி பார்ப்பார், ஊரே ‘சாமி’ என்று கூப்பிடும். மாலை கழன்றதும் எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடுகிறது. மறுநாள் காலையில் அவனை யார் எதிர்பார்த்தார்கள்? யாரும் இல்லை. நானும் இல்லை.

அக்கா, அந்தப் பொடி விஷயம். குடியை நிறுத்த, அவனுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கப் பொட்டலம் வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து கலக்காதே. அதில் என்ன இருக்கிறது என்று விற்றவனுக்கே தெரியாது. டைசல்ஃபிரம் என்ற மருந்து இருந்தால், அது உடம்பில் இருக்கும்போது அவன் குடித்தால் வாந்தி, படபடப்பு எல்லாம் வந்து ரத்த அழுத்தம் இறங்கிவிடும், உயிரே போகலாம். டாக்டர்களும் அந்த மருந்தைக் கொடுப்பதுண்டு. ஆனால் குடிப்பவனிடம் விவரம் சொல்லி, அவன் சம்மதித்த பிறகுதான். அதேபோல அத்தான் சொன்ன மாதிரி ரூமில் போட்டுப் பூட்டவும் வேண்டாம். தினமும் அவ்வளவு குடிக்கிறவன் சட்டென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் கை நடுங்கி வலிப்பு வரலாம், சிலருக்குப் புத்தி தடுமாறும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே கூட்டிக்கொண்டு போ. எப்படிப் பேசுவது, எங்கே சேர்ப்பது என்று கேட்க 14446 என்ற இலவச எண் இருக்கிறது. மதுப் பழக்கத்துக்கும் சேர்த்துத்தான்.

நிலத்துக்கு வருகிறேன். சின்னவன் விற்றுவிடுவான் என்று பயந்து, கரிசல் இரண்டு ஏக்கரையும் உன் பெயருக்கு எழுத என்னிடம் பவர் கேட்கிறார் அத்தான். அவர் பயம் நியாயம்தான். ஆனால் இப்போது எழுதினால், ‘என்னைச் செத்தவனாக்கிவிட்டார்கள்’ என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான். தவிர, பவருக்கு நான் நியூயார்க் இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று வாங்க வேண்டும், இங்கிருந்து ரயிலில் எட்டு மணி நேரத்துக்கு மேல். அதற்கு இந்த மாதம் தோதுப்படாது. மாசிப் பணமும் கொஞ்சம் பிந்தும், பேங்கில் ஏதோ சரிபார்க்கிறார்கள், கவலைப்படாதே. எங்கள் வேலைக்கு வரும் அரசு மானியம் செப்டம்பரில் முடிகிறது, அதைப் புதுப்பித்துவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அதுவரை நீ ஒன்று செய். மூலப்பத்திரம், பட்டா எல்லாவற்றையும் அம்மா பெட்டியிலிருந்து எடுத்து உன் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டு. வில்லங்கச் சான்று ஒன்று போட்டுப் பார்த்துவிடு, ஏற்கெனவே பதிவான பத்திரம் எதிலாவது கையெழுத்துப் போட்டிருக்கிறானா தெரிந்துவிடும்.

இன்னொன்று. டாஸ்மாக் கடை பகல் பன்னிரண்டுக்குத்தான் திறக்கும். வருகிற திங்கட்கிழமையிலிருந்து தினமும் பதினொன்றரைக்கு நான் அவனுக்குப் போன் செய்கிறேன். திட்ட மாட்டேன், எழுந்துவிட்டாயா என்று மட்டும் கேட்பேன். எடுக்க மாட்டான், தெரியும். அவன் போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பாப்பாவை மட்டும் காலையில் பார்த்துக்கொள்ளச் சொல். அந்த நேரத்தில் இங்கே ராத்திரி ஒரு மணி. பரவாயில்லை, எப்படியும் முழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

யாராவது வந்தால் கோவில்பட்டி கடலைமிட்டாய் கால்கிலோ கொடுத்தனுப்பு. கசகசா வேண்டாம்.

உன் தம்பி,
பெரியவன்