அக்காவுக்கு, நாளைக்கு காலைல ஒன்பது மணிக்கு முன்னாடி

அக்கா,

நாளைக்கு காலைல ஒன்பது மணிக்கு ஆப்பரேஷன். பொம்மிக்கு இல்ல, புதுசா வந்திருக்கிற பூனைக்குட்டிக்கு. இந்த தடவ முன்னாடியே உன்கிட்ட சொல்லிடணும்னு முடிவு பண்ணேன். நாலு நாளா போன எடுக்கிறேன், வைக்கிறேன். மெசேஜ் அனுப்பினா நீ படிச்சிட்டன்னு தெரியும், பதில் வராது, அத பாத்துக்கிட்டு உக்கார என்னால முடியாது. அதான் இங்க எழுதறேன். நீ படிப்பன்னு தெரியும். உன் கூட இன்னும் யார் யார் படிப்பாங்கன்னும் தெரியும், அதனால சில இடத்துல சுத்தி வளைச்சுதான் போவேன். உனக்குப் புரியும், அவங்களுக்குப் புரிய வேண்டியதில்ல.

வர்ற வாரத்தோட ஒரு வருஷம் ஆகுது. எதுக்குன்னு உனக்குச் சொல்லணுமா என்ன.

புதுசா வந்தவள பத்தி மொதல்ல சொல்லிடறேன். மூணு கலரு, வயிறு மட்டும் வெள்ளை. ஒரு கார் என்ஜினுக்குள்ள மாட்டியிருந்தவள எடுத்து வச்சிருந்தாங்க. குட்டி போடாம இருக்கப் பண்ற ஸ்பே ஆப்பரேஷன் இன்னும் ஆகல, சீக்கிரம் பண்ணிடுங்கன்னு குடுக்கும்போதே சொல்லிட்டாங்க. டாக்டர் வாயத் திறந்து பாத்தாங்க, பால் கோரைப்பல்லு இன்னும் விழாம பக்கத்துலயே புதுப்பல்லு இறங்கியிருக்கு, அப்போ அஞ்சு, அஞ்சரை மாசம் இருக்கும்னாங்க. ஆப்பரேஷன் ஆன தெருப்பூனைக்கு அடையாளமா காது நுனிய வெட்டுவாங்களே, அப்படி வெட்டியிருக்கான்னு பாத்தாங்க, வெட்டல. வயித்து முடிய ஒதுக்கி தழும்பு இருக்கான்னு தேடினாங்க, அதுவும் இல்ல. வைரஸ் டெஸ்ட் ரெண்டும் நெகட்டிவ், பூச்சி மருந்து குடுத்தாச்சு, மொதல் தடுப்பூசி போட்டாச்சு. பின்ரூம்ல தனியா வச்சிருக்கேன், பொம்மிகிட்ட இன்னும் விடல. இவ படுத்த துணிய அவகிட்டயும் அவ படுத்தத இவகிட்டயும் போடறேன், பொம்மி ரெண்டு நாள் அந்தத் துணியப் பாத்து சீறினா, மூணாவது நாள் அதுமேலயே படுத்துத் தூங்கிட்டா. மொதல் மூணு நாள் குட்டி பீரோ அடிய விட்டு வெளியவே வரல. நான் தரையில படுத்து, அவளப் பாக்காம, சும்மா ஏதோ படிச்சுக்கிட்டு இருந்தேன். நாலாவது நாள் ராத்திரி வந்து என் முழங்கைய மோந்து பாத்துட்டு திரும்ப ஓடிட்டா. இதெல்லாம் நீ சொல்லிக் குடுத்ததுதான். பொம்மி வந்தப்போ நான் அவள வெளிய இழுக்கப் போனேன், நீதான் கையத் தட்டிவிட்ட, அவளா வரட்டும்டின்னு.

அப்புறம் கத்த ஆரம்பிச்சா.

உடம்பு இன்னும் முழுசா வளரவே இல்ல, அதுக்குள்ள ஹீட்டு, இணை தேடற பருவம். முன்னங்கால மடக்கி, பின்பக்கத்த தூக்கி, வால ஒரு பக்கமா ஒதுக்கிக்கிட்டு, தரைய மிதிச்சு மிதிச்சு, அந்த அடிவயித்துக் குரல். உனக்கு ஞாபகம் இருக்கும். பொம்மி மொதல் தடவ கத்தினப்போ எங்கயோ அடிபட்டுருச்சுன்னு நாம ரெண்டு பேரும் ராத்திரி பன்னெண்டு மணிக்கு அவ உடம்ப தடவித் தடவிப் பாத்தோம். பூனைக்கு பெரும்பாலும் இணை சேர்ந்தாதான் முட்டையே வெளிய வரும். சேரலன்னா ஒரு வாரம் போல கத்திட்டு அடங்கும், ரெண்டு மூணு வாரத்துல மறுபடி ஆரம்பிக்கும், வீட்டுக்குள்ள எப்பவும் லைட்டு வெளிச்சத்துல இருக்கிற பூனைக்கு வருஷம் பூரா கூட இப்படியே ஓடும். இது எனக்கு இப்போ தெரியும். அப்போ தெரிஞ்சதெல்லாம் அந்த சத்தம் மட்டும்தான். இந்த தடவ ஏழு ராத்திரியும் நான் பின்ரூம்லயே படுத்தேன். எல்லா ஜன்னலும் தாழ்ப்பாள் போட்டு, புது கம்பிவலை அடிச்சு, அதுக்கு மேல நைலான் கயிறு கட்டி.

ஜன்னல நான்தான் திறந்தேன் அக்கா.

ஒரு வருஷமா இத சொல்லல. பொம்மி ஹீட்டுல இருந்தப்போ, நாலாவது ராத்திரி, மூணு மணி இருக்கும், நீ அப்பதான் தூங்கியிருந்த, எத்தனையோ நாள் கழிச்சு அப்பதான் அசந்து தூங்கின, அவ கத்தி நீ முழிச்சிடுவியோன்னு எனக்கு அடிவயிறு கலங்குது, வெளிய வேடிக்கை பாத்தா கொஞ்சம் அடங்குவாளோன்னு கண்ணாடிய மட்டும் தள்ளினேன், வலை இருக்கேன்னு நெனச்சேன். கீழ்மூலையில பிஞ்சிருந்தத மறந்துட்டேன். தண்ணி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள அவ இல்ல. நான் கண்ணாடிய மூடிட்டுப் போய்ப் படுத்துட்டேன். காலைல நீ வந்து, பால்கனிக் கதவ நான்தான் சரியா சாத்தலையோன்னு அழுதப்போ நான் இல்லன்னு சொல்லல. ஆமான்னும் சொல்லல. ரெண்டு நாள் நீ தெருத்தெருவா லிட்டர் பாக்ஸ் மண்ண எடுத்துக்கிட்டு அலைஞ்ச, வாசனைக்கு வருவான்னு. நானும் கூட அலைஞ்சேன். அப்பவும் சொல்லல.

அந்த வலை பிஞ்சிருக்குன்னு நான் உன்கிட்ட எத்தன தடவ சொன்னேன். ஹீட்டு முடிஞ்ச உடனே கூட்டிட்டு வாங்க, இப்போ பண்ணா ரத்தம் ஜாஸ்தி போகும்னு டாக்டர் சொன்னாங்க, சரி, ஆனா அதுக்கு முன்னாடி மூணு வாரம் இருந்துச்சே. ஒரு தடவ குட்டி போடட்டும்டி, அப்புறம் பண்ணிக்கலாம், அதான் அவ உடம்புக்கு நல்லதுன்னு சொன்னது யாரு? கத்தாம இருக்க மாத்திரை இருக்காமே, வாங்கிக் குடுக்கலாமான்னு கேட்டது யாரு? அந்த ஹார்மோன் மாத்திரையே கர்ப்பப்பையில சீழ் பிடிக்க வைக்கும், மார்புல கட்டி வர வைக்கும்னு டாக்டர் கோவப்பட்டாங்க, திட்டு வாங்கினது நான். ஒரு தடவ குட்டி போட்டா நல்லதுங்கிறதுக்கு ஒரு ஆதாரமும் இல்ல அக்கா. பூனைக்கு மார்புல கட்டி வந்தா பத்துல எட்டு ஒன்பது புத்துநோய்தான், ஆறு மாசத்துக்குள்ள ஆப்பரேஷன் பண்ணிட்டா அந்த ஆபத்து 90 சதவீதம் போல குறையுது. உன்ன குத்திக் காட்ட இத சொல்லல. இல்ல, கொஞ்சம் குத்திக் காட்டத்தான் சொல்றேன்.

நீ அப்போ எதுக்கு என் வீட்ல வந்து தங்கியிருந்தன்னு இங்க எழுத மாட்டேன்.

ஆனா அந்த ராத்திரிய எழுதணும். ஓடிப்போன பொம்மி திரும்பி வந்து இருபது நாள் ஆகியிருக்கும். பாத்ரூம் வாசல்ல நீ சம்மணம் போட்டு உக்காந்திருந்த, பொம்மி உன் மடியில மல்லாந்து கிடந்தா, நீ போன் டார்ச்ச வாயில கடிச்சுக்கிட்டு ரெண்டு கையாலயும் வயித்து முடிய விலக்கி விலக்கிப் பாத்துக்கிட்டு இருந்த. நான் வந்தத பாத்து டார்ச்ச கையில எடுத்துட்டு, பாரேன்டி, காம்பெல்லாம் ரோஸ் ஆயிடுச்சு, பாரேன்ன. பாத்தேன். மல்லிமொட்டு மாதிரி வரிசையா, சின்னச் சின்னதா, ரோஸ் கலர்ல புடைச்சுக்கிட்டு. நீ விரல்ல எண்ணின, பூனைக்கு ஒன்பது வாரம்தான்டி, அறுபத்தி மூணு நாளோ அறுபத்தி அஞ்சு நாளோ, இன்னும் ஒன்றரை மாசம் கூட இல்லன்ன. சிரிச்ச. பல்லு தெரிய சிரிச்ச. அந்த வீட்ல நீ வந்ததுல இருந்து அந்த சத்தத்த நான் கேட்கவே இல்ல. பக்கத்துல அட்டைப்பெட்டி, அதுக்குள்ள உன் பழைய நைட்டி நாலா மடிச்சு, ஒரு பக்கம் மட்டும் தாழ்வா வெட்டியிருந்த, அம்மா ஏறி இறங்கலாம், குட்டி வெளிய விழக்கூடாதுன்னு. அந்த வெட்டின ஓரத்துல டேப் ஒட்டியிருந்த, அவ வயிறு உரசக் கூடாதுன்னு.

அன்னைக்கு சாயந்திரமே நான் க்ளினிக்ல தேதி வாங்கியிருந்தேன்.

அத அப்போ சொல்லியிருக்கணும். வாசல்ல நின்னுக்கிட்டு, அப்படியான்னு ஒரு வார்த்த சொன்னேன். அவ்ளோதான் சொன்னேன். நீ சிரிக்கிற, நான் அப்படியாங்கிறேன். ஒரு வாரம் கழிச்சு நீ தூங்கிட்டு இருக்கும்போது அவள கேரியர்ல வச்சு எடுத்துட்டுப் போனேன், தடுப்பூசின்னு சீட்டு எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டு.

ஏன்னு நீ ஒரு தடவ கூட கேட்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவ ரெண்டு கிலோ கூட இல்ல, தெள்ளுப்பூச்சி ரத்தத்த குடிச்சு ஈறெல்லாம் வெளுத்துப் போயிருந்துச்சு. அந்த உடம்போட குட்டி பெத்து, பால் குடுத்து, அவ தாங்குவாளான்னு தெரியாதுன்னாங்க. ஆப்பரேஷனுக்கும் ரிஸ்க்தான், மயக்க மருந்து ரிஸ்க்குதான்னாங்க, ஆனா தள்ளிப் போடப் போட கர்ப்பப்பை பெருசாகும், ரத்தக் குழாய் பெருசாகும், பண்றதுன்னா இப்பவே பண்ணணும்னாங்க. பெத்த பிறகு பாக்கலாம்னா, பால் குடுத்துக்கிட்டு இருக்கும்போதே சில வாரத்துல பூனை மறுபடி சினையாக முடியும். இதெல்லாம் உண்மை. ஒண்ணு கூட பொய்யில்ல.

ஆனா இதுக்காக மட்டும் நான் அத பண்ணல. பொறந்த குட்டிங்க எல்லாமே பொழைக்காது அக்கா. மொதல் ஒண்ணு ரெண்டு வாரத்துலயே சிலது போயிடும், காரணமே தெரியாம, காலைல பாத்தா ஓரமா ஒண்ணு ஜில்லுன்னு கிடக்கும். அந்த நைட்டி மேல, அந்த பெட்டிக்குள்ள, நீ அத பாக்கிறத நான் நெனச்சுப் பாத்தேன். அதுக்கு மேல என்னால யோசிக்க முடியல. உனக்கு என்ன தாங்கும், என்ன தாங்காதுன்னு நானா ஒரு கணக்கு போட்டேன். எல்லாரும் உன்கிட்ட கேட்காம உனக்காக முடிவெடுத்தாங்கன்னு சொல்லி சொல்லி அழுதுதானே நீ என்கிட்ட வந்த. நானும் அதையேதான் பண்ணேன்.

சாயந்திரம் தையல நக்காம இருக்க கழுத்துல கோன் மாட்டி, ஒரு பக்கம் முடிய வழிச்சு, தள்ளாடிக்கிட்டு அவ வந்தப்போ நீ என்ன திட்டல. அவ வயித்த பாத்த, பெட்டிய பாத்த, எத்தனன்னு கேட்ட. தெரியலன்னேன். தெரியும் அக்கா. நேர்ல கேட்டா சொல்றேன், இங்க மாட்டேன்.

நீ போன பிறகு பன்னெண்டு நாள் அந்தக் கோனோட அவள நான் தனியா பாத்துக்கிட்டேன். தையல நக்கக் கூடாது, மேல தாவக் கூடாது, காலைல ஒரு தடவ சாயந்திரம் ஒரு தடவ காயம் வீங்கியிருக்கா, ஈரமா இருக்கான்னு பாக்கணும். மொதல் நாள் ராத்திரி அவ சாப்பிடல, பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடாம இருந்தா ஈரலே கெட்டுடும்னு படிச்சிட்டு, விரல்ல தொட்டுத் தொட்டு அவ உதட்டுல தடவிக்கிட்டு உக்காந்திருந்தேன். உன்னப் பாத்துக்கணும், அவளப் பாத்துக்கணும், அந்த வருஷம் பூரா யாரும் என்கிட்ட நீ எப்படி இருக்கன்னு கேட்கல. நீயும் கேட்கல. ஒரு போன் பண்ணி, அவ சாப்பிட்டாளாடின்னு கேட்டிருக்கலாம். கோவம் என்மேலதானே, அவ என்ன பண்ணா? அவ நீ படுத்த பாய சுத்தி சுத்தி வந்தா.

இப்போ மூணரை கிலோ இருக்கா. ஆப்பரேஷனுக்கு அப்புறம் பசி கூடும், உடம்புக்கு தேவை குறையும்னாங்க, அதனால அளந்துதான் போடறேன், நான் பட்டினி போடறதா அவ எல்லார்கிட்டயும் கத்தி புகார் பண்றா. ஈறு நல்லா ரோஸா இருக்கு. வழிச்ச எடத்துல முடி முழுசா வளர்ந்துடுச்சு, கைய வச்சு அழுத்தினாதான் ஒரு கோடு தெரியும். உன் பேர சொன்னா காத திருப்புறா. இது நெஜம், நான் சும்மா உனக்காக சொல்லல.

பெட்டிய நான் தூக்கிப் போடல. ஒரு வருஷமா பரண்ல இருந்துச்சு. குட்டி வந்த அன்னைக்கு எறக்கினேன். நைட்டியத் துவைச்சுதான் போட்டேன். அவ இப்போ அதுலதான் தூங்குறா, நீ வெட்டின அந்த தாழ்வான ஓரத்துல தாடைய வச்சுக்கிட்டு. சரியா அவ உயரத்துக்கு இருக்கு.

நாளைக்கு பத்தி சொல்லிடறேன். கத்தல் நின்னு பத்து நாள் ஆச்சு, இன்னொரு தடவ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பண்ணிடலாம்னு தேதி குடுத்தாங்க. வெளிய போகவே இல்ல, வயித்துல ஒண்ணும் இல்ல, ஸ்கேன்லயும் பாத்தாச்சு. அதனால நாளைக்கு நீ பயப்பட வேண்டியது ஒண்ணும் இல்ல. அவ சின்னது, ரொம்ப நேரம் பட்டினி போட்டா சர்க்கரை எறங்கிடும்னு ராத்திரி லேட்டா கடைசி சாப்பாடு குடுக்கச் சொன்னாங்க, இப்பதான் குடுத்துட்டு கிண்ணத்த எடுத்து வச்சேன். கிண்ணம் இருந்த எடத்தையே பிராண்டிக்கிட்டு இருக்கா.

காலைல எட்டரைக்கு கெளம்பணும். அங்க ஒரு ஃபார்ம் குடுப்பாங்க. போன தடவ பொம்மின்னு எழுதி, கீழ ஒத்தையா என் கையெழுத்து போட்டேன். இவளுக்கு இன்னும் பேரு வைக்கல. நான் குட்டி குட்டின்னே கூப்பிடறேன், திரும்பிப் பாக்க மாட்டேங்கிறா. நம்ம வீட்ல பேரு வைக்கிறது எப்பவும் நீதான். எட்டரை வரைக்கும் போன் என் கையிலதான் இருக்கும்.