நோட்டில் நீ எழுதிய ‘மேகம்’

அன்புள்ள கண்ணம்மா,

டிசம்பர் 14 நெருங்குகிறது. அதை ஞாபகப்படுத்தத்தான் எழுதுகிறேன், வேறொன்றும் இல்லை. இந்த முறை பிறைநிலா நள்ளிரவுக்கு முன்பே மறைந்துவிடும். ஜெமினிட்ஸ் எரிநட்சத்திர மழை ராத்திரி ஒன்பது, பத்து மணிக்கே தலைகாட்டும் என்றாலும், இரண்டு மணிக்கு மிதுனம் உச்சிக்கு வரும்போது பார்ப்பதுதான் பார்ப்பது. கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். நடுவில் செல்போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. போர்வை எடுத்துக்கொள். தனியாகப் போகாதே, மாப்பிள்ளையையும் எழுப்பிக்கொண்டு போ.

ஆகஸ்டில் வரும் எரிநட்சத்திர மழை, பெர்சீட்ஸ், அமாவாசையோடு சேர்ந்து வந்தது. எல்லா வருஷமும் அப்படி அமையாது. நானும் அம்மாவும் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாடியில் படுத்திருந்தோம், எத்தனை எண்ணினீர்கள் என்று நீ கேட்பாயென்று. மூன்று நாள் கழித்து ‘பார்த்தேன்ப்பா’ என்று ஒரு வரி வந்தது. வழக்கமாக ‘பார்த்தோம்’ என்றுதான் எழுதுவாய். சரி, அவசரத்தில் எழுதியிருப்பாய்.

எரிநட்சத்திரம் எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதாகச் சொல்கிறீர்களே, பிறகு ஏன் திசைக்கு ஒன்றாகப் பறக்கின்றன என்று பத்து வயதில் என்னைக் கேட்டாய். நான் புத்தகத்தைத் தேடுவதற்குள் நீயே சொல்லிவிட்டாய்: தண்டவாளம் தூரத்தில் ஒன்றாகச் சேர்வதுபோலத் தெரிகிறதே, அந்த மாதிரிதான், நிஜத்தில் எல்லாம் பக்கம் பக்கமாகத்தான் வருகின்றன என்று. இதை இன்றைக்கும் வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கே சலித்துவிட்டது. அவ்வளவு தெளிவான பெண்ணுக்கு வாரத்தில் ஐந்து நிமிடம் பேச நேரம் இல்லை!

கோபித்துக்கொள்ளாதே. தம்பி நன்றாக இருக்கிறான். இன்னமும் விமானத்தையும் கணக்கில் சேர்க்கிறான்.

நம் எண்ணிக்கை நோட்டை நேற்று எடுத்துப் புரட்டினேன். 2001 நவம்பர், லியோனிட்ஸ் எரிநட்சத்திர மழை. உன் கோணல் எழுத்தில் நான்கு கட்டத்திலும் ‘மேகம்’, ‘மேகம்’ என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு மேகமே இல்லை, கண்ணம்மா.

முந்தின சாயங்காலம் எனக்கும் அம்மாவுக்கும் சண்டை. எதற்கு என்று உனக்குத் தெரியும், அந்தக் காலத்தில் எல்லாச் சண்டையும் அதற்காகத்தான். இரண்டு மணிக்கு எழுப்புகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் உன்னை எழுப்பினால் அம்மாவும் எழுந்து வருவாள், அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் மட்டும் மாடிக்குப் போனேன். லியோனிட்ஸ் நொடிக்கு 71 கிலோமீட்டர் வேகம், ஜெமினிட்ஸைப்போல் இரண்டு மடங்கு. ஜெமினிட்ஸில் ‘அதோ’ என்று கை காட்டவாவது நேரம் இருக்கும். அன்று அதுவும் இல்லை, காட்டுவதற்குப் பக்கத்தில் ஆளும் இல்லை. பல தலைமுறைக்கு முன் ஒரு வால்மீன் சிந்திவிட்டுப் போன தூசு, ஒரே நேரத்தில் மூன்று, நான்கு என்று கிழித்துக்கொண்டு போனது. சிலவற்றின் தடம் புகைபோல நிமிடக்கணக்கில் நின்றது. 400 வரை எண்ணிவிட்டு நிறுத்திவிட்டேன். காலையில் நீ ஓடிவந்து கேட்டபோது, மேகம் என்றேன். அம்மாவுக்கு உண்மை தெரியும். அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள். இருவரும் பேசாமல் இருந்த பதினோரு நாளில் நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒரு பொய்யில்தான்.

அதைப்போல ஒன்றை நீ பிறகு பார்க்கவே இல்லை. அந்த வால்மீன் 2031-ல்தான் திரும்பி வருகிறது. அப்போது உனக்கு என்ன வயது, எனக்கு என்ன வயது என்று கணக்குப் போட்டேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

எங்களுக்குள் எல்லாம் சரியாக இருந்ததாக நீ நினைத்துக்கொண்டு, அதனால் எங்களிடம் எதையாவது சொல்லத் தயங்குகிறாயோ என்று அம்மாதான் கேட்டாள். நான் கேட்கவில்லை.

14-ம் தேதிக்குப் புதுப் பக்கத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். உனக்கு ஒரு கட்டம் இருக்கிறது. பக்கத்தில் இன்னொன்று போடவேண்டுமா என்று மட்டும் சொல். எதுவானாலும் சரி. ஒருவேளை தனியாகத்தான் பார்ப்பாய் என்றால் போனை அணைத்துவிடாதே, திரையைக் கவிழ்த்து வைத்துக் காதில் மட்டும் எங்களை வைத்துக்கொள். நாங்களும் அதே நேரத்தில் மாடியில் இருப்போம். போர்வையை மறக்காதே.

அன்புடன்,
அப்பா