மைக் பிடிக்கும் அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே இங்கிலாந்தில் சுகம்தான். அம்மாவிடமும் அண்ணியிடமும் சொல்லுங்கள். நீங்கள் போன வாரம் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். கடல் இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்தது, ஆனால் கேள்வி புரிந்தது: "பந்து விளையாடுற கம்பெனியில உனக்கு என்னடே வேலை?" போனில் சொல்லத் தொடங்கினால் நீங்கள் நடுவில் சிரித்துவிடுவீர்கள், அப்புறம் எனக்கும் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன். மே மாத டோர்னமெண்ட் நோட்டீஸ் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்.

குளிரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டிசம்பரில் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. மலையாளி கடையில் மரச்சீனி கிடைக்கிறது, ஐஸ்கட்டியாக உறைந்துபோய். சாளை தகர டப்பாவில் தக்காளிச் சாறோடு வருகிறது. அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

வேலை இதுதான். நான் இருப்பது கிளப்பின் மீடியா பிரிவில். பெரிய டிவிஷன் கிளப் இல்லை, அதற்கு ஒரு படி கீழே. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முந்தின நாளோ அதற்கு முந்தின நாளோ மேனேஜர் பத்திரிகைக்காரர்கள் முன்னால் வந்து உட்காருவார். இங்கே மேனேஜர் என்றால் கோச்தான். நாற்காலி போடுவது, மைக் சரிபார்ப்பது, பின்னால் விளம்பரப் பலகையைச் சுருக்கமில்லாமல் நிறுத்துவது, அவர் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் தட்டச்சு செய்வது, வீடியோவுக்குக் கீழே எழுத்துப் போடுவது எல்லாம் என் வேலை. முதல் பத்து நிமிஷம் டிவிக்கு, உடனே ஒளிபரப்பலாம். பிறகு கேமராவை அணைத்துவிட்டு அச்சுப் பத்திரிகைகளுக்குத் தனியாகப் பேசுவார். அதை இன்ன நேரம் வரை வெளியிடக்கூடாது என்று ஒரு கட்டு உண்டு. எம்பார்கோ என்பார்கள். அதை ஒருத்தன் மீறினால் அடுத்த வாரம் அவனுக்கு நாற்காலி கிடைக்காது. கோபம் பெரிதானால் பல வருஷமும் நீளும். மான்செஸ்டர் யுனைடெட்டின் மேனேஜர் ஃபெர்குசன் 2004-லிருந்து 2011 வரை பிபிசிக்குப் பேட்டியே கொடுக்கவில்லை. நம் ஊரில் இரண்டு குடும்பம் ஒரு வலைக்காகப் பேசாமல் இருந்ததே, அதே கதைதான்.

ஆனால் என் நேரத்தில் பெரும்பகுதி போவது கெட்ட வார்த்தைகளிடம். சிரிக்காதீர்கள். மேனேஜர் தோற்ற கோபத்தில் ஒன்று சொல்லிவிட்டால், அதை வீடியோவில் வைப்பதா, 'பீப்' போடுவதா, எழுத்தில் புள்ளி வைப்பதா என்று பார்ப்பது நாங்கள்தான். டிவியில் இரவு ஒன்பது மணிக்கு முன் கடும் வசவு வரக்கூடாது. நேரலையில் வந்துவிட்டால் வர்ணனையாளர் உடனே மன்னிப்புக் கேட்பார். 2011-ல் யுனைடெட்டின் ரூனி மூன்று கோல் அடித்த குஷியில் கேமராவைப் பார்த்து ஒரு வசவு விட்டார். இரண்டு ஆட்டம் தடை. கொரோனா காலத்தில் ஆளில்லாத மைதானங்களில் ஆடியபோது வீரர்கள் கத்துவது எல்லாம் தெளிவாகக் கேட்டது. டிவிக்காரர்கள் கூட்டச் சத்தத்தைச் செயற்கையாகச் சேர்த்தார்கள். உங்கள் வர்ணனையை இங்கே ஒளிபரப்பினால் பீப் சத்தம்தான் கேட்கும், பந்து தெரியாது.

சரி, இந்த வசவெல்லாம் இங்கே பெரிய விஷயமே இல்லை என்பதுதான் எனக்கு முதல் ஆச்சரியம். தாயையும் உடலையும் இழுத்துப் பேசினால் முகம் சுளிப்பார்கள், மறந்துவிடுவார்கள். ஒருத்தனின் நிறம், இனம், உடல்குறை, இவற்றைத் தொட்டுவிட்டால்தான் வேலை போகும். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இது நேர்மாறாக இருந்ததாம். டிவியில் ஒரு சின்ன வசவு வந்தால் நாடே கொந்தளிக்கும். அதே டிவியில் கறுப்பினத்தவரை வைத்துப் பண்ணிய கேலிக்குக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சிரிப்பார்கள்.

மைதானத்தில் இனவெறிக் கோஷம் போடுவது 1991-ல்தான் குற்றமானது. அதிலும் ஒரு வேடிக்கை. அந்தச் சட்டப்படி இன்னொருத்தனோடு சேர்ந்து கத்தினால்தான் கோஷம். தனியாக ஒருத்தன் தொண்டை கிழியக் கத்தினால் அது கணக்கில் வராது. 1999-ல் தான் 'தனியாகக் கத்தினாலும்' என்று திருத்தினார்கள். இதைப் படித்தபோது உங்கள் நினைவுதான் வந்தது. மைதானத்தில் தனியாகக் கத்துகிற ஒரே ஆள் நீங்கள்தானே, அதுவும் நாலு பனைமரத்தில் கட்டிய குழாயோடு.

உருகுவேக்காரர்கள் கதை ஒன்று உண்டு. உங்களுக்கு சுவாரெஸைப் பிடிக்கும். 2011 அக்டோபரில் லிவர்பூலுக்காக ஆடும்போது யுனைடெட்டின் எவ்ராவோடு வாக்குவாதம். ஸ்பானிஷில் 'நெக்ரோ' என்றார். எங்கள் ஊரில் அது சாதாரணச் சொல், கறுப்பன் என்று அர்த்தம், பிரியமாகவும் சொல்வோம் என்பது அவர் வாதம். எட்டு ஆட்டம் தடை, 40,000 பவுண்டு அபராதம். தீர்ப்பு வந்த மறுநாள் லிவர்பூல் வீரர்கள் அவர் படம் போட்ட டிஷர்ட் அணிந்து பயிற்சிக்கு இறங்கினார்கள். என் வேலையில் இருக்கிறவர்கள் இன்றைக்கும் பேசுவது அந்த டிஷர்ட்டைப் பற்றித்தான். தன் ஆளுக்காக நிற்பது வேறு, எதிரே காயப்பட்டவன் ஒருத்தன் இருக்கிறான் என்பதையே மறப்பது வேறு. அதை அன்று அணிந்த காரகர் 2019-ல் டிவியில் எவ்ராவின் முகத்துக்கு நேராக மன்னிப்புக் கேட்டார். எட்டு வருஷம் ஆயிற்று.

அப்புறம் யுனைடெட்டுக்கு ஆடிய கவானி. 2020 நவம்பரில் சவுத்தாம்ப்டனுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தார். வாழ்த்துச் சொன்ன நண்பனுக்கு இன்ஸ்டாகிராமில் 'நன்றி, நெக்ரிட்டோ' என்று பதில் போட்டார். அம்மா என்னை 'கருப்பு மோனே' என்று கூப்பிடுவார்களே, அச்சாக அதே மாதிரி. மூன்று ஆட்டம் தடை, ஒரு லட்சம் பவுண்டு. உருகுவேயின் மொழிக் கழகமே எழுந்து, எங்கள் ஸ்பானிஷ் இங்கிலாந்துக்காரனுக்குத் தெரியவில்லை என்று கண்டித்தது. இதில் எனக்குக் கவானி பக்கம்தான் மனசு. சண்டையில் எதிராளியின் முகத்தில் எறிகிற சொல்லும் கூட்டாளியின் தோளில் கைபோட்டுச் சொல்கிற சொல்லும் ஒன்றல்ல. ஆபீஸில் இதைச் சொன்னேன். ஒருத்தர் ஒத்துக்கொண்டார், ஒருத்தர் ஒத்துக்கொள்ளவில்லை. உலகமே படிக்கிற இடத்தில் எழுதினால் நண்பனுக்கு மட்டும் எழுதியதாக ஆகுமா என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. 2024-ல் இன்னொரு உருகுவேக்காரர், டோட்டன்ஹாமின் பெண்டங்கூர், சொந்த அணித் தலைவன், கொரியாக்காரர் சன்னைப் பற்றி 'அவங்க எல்லாரும் ஒரே மாதிரிதானே இருப்பாங்க' என்ற பாணியில் டிவியில் ஒரு ஜோக் அடித்தார். சன் மன்னித்துவிட்டார். ஆனாலும் ஏழு ஆட்டம் தடை.

இனி என் கதை. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம். காது கேளாத பிள்ளைகளின் அணி ஒன்று எங்கள் மைதானத்துக்கு வந்தது. அதைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னார்கள். நம் பள்ளிக்கூட இங்கிலீஷில் படித்தபடி 'டெஃப் அண்ட் டம்ப்' என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் மேலதிகாரி அம்மா வயதுள்ள பெண்மணி. திட்டவில்லை. பென்சிலை எடுத்து 'அண்ட் டம்ப்' என்ற இரண்டு வார்த்தையை அடித்தார். அந்தச் சொல்லுக்கு இங்கே மடையன் என்றும் அர்த்தம், அந்தப் பிள்ளைகள் கையால் எவ்வளவு பேசுகிறார்கள் என்று வந்து பார் என்றார். பிறகு இங்கிலாந்து கால்பந்துச் சங்கத் தலைவர் கிளார்க்கின் கதையைச் சொன்னார். 2020 நவம்பரில் நாடாளுமன்றக் குழு முன்னால் கறுப்பு வீரர்களை 'கலர்டு' என்றார். அன்றைக்கே பதவி விலகினார். "நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அதுதான் மரியாதையான சொல்" என்றார் அந்த அம்மா.

நமக்கும் இது புதிதில்லை. ஊனமுற்றோர் என்று பஸ் இருக்கையில் எழுதியிருந்ததை கலைஞர் முதல்வராக இருந்தபோது மாற்றுத்திறனாளி ஆக்கினார்கள். நாம் டீக்கடையில் உட்கார்ந்து, பேரை மாற்றினால் கால் வந்துவிடுமா என்று கேட்டோம். அதே நாம், அம்மாவின் மீன் சருவத்தைக் காட்டி ஒரு கண்டக்டர் சாதியைச் சேர்த்து ஒரு சொல் சொன்னதை இன்னும் மறக்கவில்லை. கருங்கல் வரை அம்மா நின்றுகொண்டே வந்தார்கள். அந்தச் சொல்லை நான் இந்தக் கடிதத்தில்கூட எழுத மாட்டேன், பாருங்கள்.

பென்சிலால் அடித்த அந்தத் தாளைப் பையில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்க்கப் போனேன். ஒரு பையன் இடது ஓரமாக வந்து, உள்ளே வெட்டி, தூரத்துக் கம்பத்தைப் பார்த்து அடித்தான். நம் லெஃப்ட் விங் அப்படியே கண்ணுக்குள் வந்துவிட்டான். அவனுக்கும் காது கேட்காது. நாம் 'பொட்டன்' என்று கூப்பிடுகிறவன்; நம் பேச்சில் அதற்கு செவிடன் என்றும் மடையன் என்றும் அர்த்தம்.

பொழியூர் அணியோடு நடந்த ஃபைனல் நினைவிருக்கிறதா? நீங்கள் மைக்கில், "பொட்டன் வாறான், பொட்டன் வெட்டுறான், பொட்டன் உள்ளே..." கோல். கரையே சிரித்தது. அவன் நம் பக்கம் திரும்பி இரண்டு கையையும் தூக்கினான். கைதட்டுகிறார்கள் என்று நினைத்திருப்பான். மைக் அவனை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று அந்த மைதானத்தில் தெரியாத ஒரே ஆள் அவன்தான்.

நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை அண்ணே. அடுத்த வருஷ பிளெக்ஸில் அவன் படத்துக்குக் கீழே அந்தப் பேரைப் பெரிய எழுத்தில் போட்டது நான்தான். எல்லாருக்கும் ஒரு பட்டப்பேர் உண்டு, சுறா, வாளை, கட்டுமரம், அதில் இதுவும் ஒன்று என்று நினைத்தேன். குருசடி முக்கில் பிளெக்ஸைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவன் அம்மா வந்து நின்று பார்த்தார்கள். "இவனுக்கு ஞானஸ்நானத்துல வச்ச பேரு ஒண்ணு உண்டு மோனே" என்றார்கள். சும்மா தமாஷுக்கு என்று நான் சிரித்தேன். அவர்கள் மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் போய்விட்டார்கள். இதை உங்களிடம் நான் இதுவரை சொன்னதில்லை.

மே மாதத்துக்கு லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்துவிடும். நோட்டீஸும் பிளெக்ஸும் நானே இங்கிருந்து செய்து அனுப்புகிறேன். அச்சுக்கு மட்டும் நீங்கள் கொடுத்தால் போதும். ரெஃப்ரியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், விசில் அடிக்கும்போது கையில் ஒரு கொடியையும் தூக்க வேண்டும் என்று. இங்கே அந்தப் பிள்ளைகளின் ஆட்டத்தில் அப்படித்தான் செய்தார்கள். நம் ஊரில், விசிலுக்குப் பிறகும் ஓடினான் என்று அவனுக்கு இரண்டு தடவை மஞ்சள் அட்டை காட்டினார்கள், நாமும் திமிர் என்று சொன்னோம்.

மைக்கில் என்ன சொல்வது என்பது உங்கள் இஷ்டம். என்னைக் கருப்பன் என்று கூப்பிட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றுமில்லை. அவன் ஜெர்சிக்குப் பின்னால் பேர் அடிக்க வேண்டும். அவன் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடமே கேட்டு, முழுப் பேரையும் எழுத்துப் பிழையில்லாமல் வாங்கி அனுப்புங்கள். எட்டு வருஷம் ஒன்றாக ஆடியிருக்கிறேன், எனக்குத் தெரியாது.

அம்மாவின் கண் மருந்துக்கு இந்த மாதப் பணத்தோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன். காற்றும் கடலும் பார்த்துப் போங்கள்.

உங்கள் தம்பி