அக்டோபர் 2 சாஸ்திரிக்கும் பொறந்தநாள் தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

அக்டோபர் 2 வந்தா பேப்பர் முழுக்க காந்தி தான், அது நியாயம் தான், ஆனா அதே தேதில 1904-ல பொறந்த லால் பகதூர் சாஸ்திரிக்கு ஒரு மூலைல சின்ன போட்டோ போட்டு முடிச்சிடறீங்க, மனசுக்கு கஷ்டமா இருக்கு சார். 1956 நவம்பர்ல எங்க அரியலூர் பக்கம் மருதையாத்துல வெள்ளம் வந்து பாலம் ஒடைஞ்சு தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆத்துக்குள்ள கவுந்துச்சே, நூறு பேருக்கு மேல செத்துப்போனாங்க, அப்ப ரயில்வே மந்திரி இவர்தான். நேரா இவர் பண்ண தப்பு ஒண்ணும் இல்ல, ஆனாலும் பொறுப்பேத்து பதவிய விட்டாரு. அதுக்கு கொஞ்சம் முன்னாடி இப்ப தெலங்கானால இருக்கிற மகபூப்நகர்ல நடந்த ரயில் விபத்துக்கே ராஜினாமா குடுத்தாரு, நேரு தான் ஏத்துக்கல.

1964-ல நேருவுக்கு அப்புறம் இவரை பிரதமராக்க முன்ன நின்னது நம்ம காமராஜர், அவரு கண்ண மூடினதும் 1975 அக்டோபர் 2 தான்!

அடுத்த வருஷமாச்சும் அரியலூர் விபத்தையும் அந்த ராஜினாமாவையும் பத்தி ஒரு முழுப் பக்கம் போடுங்க சார், இப்ப படிக்கிற பசங்க நெறைய பேருக்கு இது தெரியல.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அரியலூர்